சட்டமில்லாத முகரேகை! போலீஸ் யந்திரத்துக்குக் கடிவாளம் எங்கே?

திருவாங்கூர் மகாராஜா ஆட்சியில் ஆரல்வாய்மொழிக் கணவாயில் சவுக்கை இருந்தது. கிழக்கே பாண்டிச் சீமையிலிருந்து வரும் வண்டியை மறிப்பார்கள். மூட்டையை அவிழ்த்து, புகையிலை இருக்கிறதா, உப்பு இருக்கிறதா என்று துழாவுவார்கள். அக்கிரமம்தான். ஆனாலும், தன்னை மறிக்கிறார்கள், தன் மூட்டையை அவிழ்க்கிறார்கள் என்று வண்டிக்காரனுக்குத் தெரியும். வாதாடலாம், கெஞ்சலாம், மனசுக்குள் திட்டவும் திட்டலாம். 1956 நவம்பர் 1-ந் தேதி குமரி ஜில்லா தமிழ்நாட்டோடு சேர்ந்தது. எல்லை மேற்கே களியக்காவிளைக்குப் போயிற்று. ஆரல்வாய்மொழியில் போலீஸ் சோதனைச் சாவடி மட்டும் மிஞ்சி நின்றது.

இன்றைய தமிழ்நாட்டுப் போலீசுக்கு மூட்டையை அவிழ்க்கும் வேலை இல்லை. கையிலுள்ள போனை ஆளின் முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தால் போதும். "இவன் யார், எந்த வழக்கில் இருக்கிறான்" என்று யந்திரம் சொல்லிவிடும். சொல்லும் பதில் சரியா தப்பா என்பது பிறகு பார்த்துக் கொள்ள வேண்டிய விஷயம். மறிக்கப்பட்டவனுக்கோ, தன்னை எதோடு ஒப்பிட்டார்கள், என்ன விடை வந்தது, தன் படம் எங்கே போயிற்று என்று ஒரு எழவும் தெரியாது.

2021 அக்டோபரில் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் இந்த முகமறி மென்பொருளைத் தொடங்கி வைத்தார். மத்திய சர்க்காரின் சி-டாக் ஸ்தாபனத்தின் கல்கத்தாக் கிளை செய்து கொடுத்த சரக்கு இது. குற்றவாளியைப் பிடிக்கலாம், காணாமற் போனவரைக் கண்டுபிடிக்கலாம், அடையாளம் தெரியாத பிணத்துக்குப் பெயர் கொடுக்கலாம் என்றார்கள். போலீஸ் ஸ்டேஷன்கள் பல ஆண்டுகளாகக் கணினியில் ஏற்றி வைத்திருக்கும் படங்களோடு புதிய படத்தை ஒப்பிடுவதுதான் அதன் வேலை.

நல்லது. எந்தச் சட்டத்தின்படி?

முகமறி யந்திரத்தைப் போலீஸ் எப்போது, யார் மேல், யார் உத்தரவின் பேரில் உபயோகிக்கலாம் என்று ஒரு மசோதாவைச் சட்டசபையில் வைத்து, விவாதித்து, நிறைவேற்றி, அதன் பிறகு இது வந்ததா? வரவில்லை. ஒரு நகரசபை தெருவிளக்குக் கம்பம் நடுவதற்குக் கூடத் தீர்மானம் போட வேண்டும். ஏழரைக் கோடி ஜனங்களின் முகத்தை அளப்பதற்குத் தீர்மானமும் இல்லை, சட்டமும் இல்லை. இலாகாவே யந்திரத்தை வாங்கியது. இலாகாவே விதி வகுத்துக் கொண்டது. தவறு நடந்தால் இலாகாவே விசாரித்துக் கொள்ளும். இந்த ஏற்பாட்டுக்குப் பெயர் ஒழுங்குமுறையா?

ரேகைச் சட்டத்தின் பேரப்பிள்ளை

இது புதிய விஞ்ஞானம், பழைய ஆட்களுக்குப் புரியாது என்று சில மேதாவிகள் சொல்லக்கூடும். நமக்கு நன்றாகப் புரிகிறது. நம் பாட்டனாருக்கே புரிந்த விஷயம் இது.

1858-ல் வங்காளத்தில் வில்லியம் ஹெர்ஷல் என்ற வெள்ளைக்காரக் கலெக்டர், ரோட்டுக்குச் சரளைக்கல் சப்ளை செய்ய ஒப்பந்தம் போட்ட ராஜ்யதர் கோனாய் என்பவருடைய கை முழுவதையும் மையில் தோய்த்து ஒப்பந்தத்தில் பதிக்கச் செய்தார். போட்ட கையெழுத்தை இந்தியன் மறுத்துவிடுவான் என்ற சந்தேகம்! கைரேகைப் பதிவின் கதை அந்தச் சந்தேகத்தில்தான் ஆரம்பம். 1897-ல் கல்கத்தாவில் கைரேகை ஆபீஸ் ஏற்பட்டது. ரேகைகளை வகைப்படுத்தும் கணக்கைப் போட்டுக் கொடுத்தவர்களில் அஜிஸுல் ஹக், ஹேம் சந்திர போஸ் என்ற இரண்டு இந்திய சப்-இன்ஸ்பெக்டர்கள் முக்கியமானவர்கள். உலகம் பூராவும் அதற்கு வழங்கிய பெயரோ மேலதிகாரி எட்வர்டு ஹென்றியின் பெயர். உழைப்பவன் ஒருவன், பேர் வாங்குபவன் இன்னொருவன் என்பது போலீஸ் இலாகாவிலும் அப்படித்தான். அன்று ரேகைக்குக் கல்கத்தா, இன்று முகத்துக்கும் கல்கத்தா!

அந்த ரேகை யார் தலையில் விடிந்தது? 1906-ல் டிரான்ஸ்வாலில் ஆசியாக்காரர் ஒவ்வொருவரும் பத்து விரல் ரேகையும் கொடுத்துப் பதிவுச் சீட்டு வாங்க வேண்டும் என்று உத்தரவு வந்தது. தமிழ்த் தொழிலாளரும் சிறு வியாபாரிகளும் அதை எதிர்த்துச் சிறைக்குப் போனார்கள். இங்கே 1911-ல் குற்றப் பரம்பரைச் சட்டத்தைச் சென்னை மாகாணத்துக்கு விஸ்தரித்தார்கள். மதுரை ஜில்லாப் பிரமலைக் கள்ளர் கிராமங்களில் வயதுவந்த ஆண்கள் ரேகை வைக்க வேண்டும்; ராத்திரியில் போலீஸ் கண் முன்னால் படுக்க வேண்டும்; வெளியூர் போக வேண்டுமானால் சீட்டு வாங்க வேண்டும். என்ன குற்றம் செய்தான் என்ற கேள்வியே கிடையாது. பிறந்ததே குற்றம். ஜனங்கள் அதற்குச் சூட்டிய பெயர் "ரேகைச் சட்டம்". 1920 ஏப்ரல் 3-ந் தேதி பெருங்காமநல்லூரில் "ரேகை வைக்க மாட்டோம்" என்று ஜனங்கள் எதிர்த்து நின்றார்கள். போலீஸ் சுட்டது. தாகத்துக்குத் தண்ணீர் கொண்டு வந்த மாயக்காள் உட்பட 16 பேர் மாண்டார்கள். 1947-ல்தான் சென்னை மாகாணத்தில் அந்தச் சட்டம் ஒழிந்தது. தேசம் முழுவதும் ஒழிய 1952 ஆயிற்று.

அதே 1920-ல் வெள்ளைக்காரன் கைதிகள் அடையாளச் சட்டம் என்று ஒன்றைப் போட்டான். ரேகையும் படமும் எடுக்க அதில் அதிகாரம். சுதந்திர இந்திய சர்க்கார் அதை 2022-ல் ரத்து செய்தது. சந்தோஷப்பட வேண்டாம்! அதன் இடத்தில் குற்ற நடைமுறை (அடையாளம் காணல்) சட்டம் வந்தது. ரேகை, உள்ளங்கை, பாதம், போட்டோ ஆகியவற்றோடு கண்ணின் கருவிழி, விழித்திரை, ரத்த மாதிரி, கையெழுத்து வரை வளைத்துப் போட்டது. எடுத்ததை 75 ஆண்டுகள் வைத்திருக்கலாம் என்றது. இருபது வயதுப் பையனிடம் இன்று எடுத்தால் அவனுக்குத் தொண்ணூற்றைந்து வயதாகும் வரை சர்க்கார் பெட்டியில் இருக்கும்.

மறியல் செய்து கைதாகிக் கல்யாண மண்டபத்தில் அடைபட்டு, சாயங்காலம் விடுதலையாகும் தொழிலாளி இதைக் கவனிக்க வேண்டும். தடையுத்தரவை மீறியதற்காக மட்டும் பிடிபட்டவரிடம் இந்த அளவுகளை எடுக்கக் கூடாது என்று 2022-ல் போட்ட விதிகளில் ஒரு தடை இருப்பது வாஸ்தவம். வேறொரு குற்றத்தையும் சேர்த்து எழுதிவிட்டால் அந்தத் தடை பறந்துவிடும் என்று அதே விதியில் வாசலையும் திறந்து வைத்திருக்கிறார்கள். "அரசு ஊழியரைப் பணி செய்ய விடாமல் தடுத்தார்" என்று ஒரு வரி சேர்ப்பதற்கு ரைட்டருக்கு எவ்வளவு நேரமாகும்?

ரேகைச் சட்டத்தில் ஒரு விசேஷம் உண்டு. ரேகை வைக்கக் கை வேண்டும். கையை நீட்ட மாட்டேன் என்று சொல்லலாம். பெருங்காமநல்லூர் அப்படித்தான் சொன்னது. முகரேகைக்கு யார் சம்மதமும் வேண்டாம். நீங்கள் பஸ்ஸுக்காக நிற்கும்போது, ஊர்வலத்தில் கோஷம் போடும்போது, தோவாளைச் சந்தையில் பூக்கட்டை இறக்கும்போது, தூரத்திலிருந்து எடுத்துக் கொள்ளலாம். மறுப்பதற்கு வழியே இல்லாத ரேகை இது.

யந்திரம் பொய் சொல்லாதாம்!

போலீஸ்காரன் பொய் சொல்வான், சாட்சி பொய் சொல்வான், யந்திரம் பொய் சொல்லாது என்று ஒரு பிரசாரம் நடக்கிறது. யந்திரம் பொய்யும் சொல்லாது, மெய்யும் சொல்லாது. அது உத்தேசம் சொல்கிறது. இரண்டு படங்களில் கண்ணுக்கும் கண்ணுக்கும் தூரம், மூக்கின் அளவு, தாடையின் சாய்வு என்று எண்களாக்கி, இந்த இரண்டும் இத்தனை சதவீதம் ஒத்துப் போகின்றன என்கிறது. எத்தனை சதவீதம் இருந்தால் "இவன்தான்" என்று முடிவு கட்டுவது? அதை யந்திரம் தீர்மானிப்பதில்லை. ஒரு உத்தியோகஸ்தர் தீர்மானிக்கிறார்.

டில்லிப் போலீஸ் எப்படித் தீர்மானித்தது தெரியுமா? 80 சதவீதம் ஒத்துப் போனால் ஆள் கிடைத்த மாதிரிதான் என்று, தகவல் உரிமைச் சட்டப்படி கேட்டவர்களுக்கு 2022-ல் பதில் கொடுத்தது. 80-க்குக் கீழே போனாலும் விட்டுவிட மாட்டார்கள். வேறு சாட்சியம் இருக்கிறதா என்று தேடுவார்களாம். அதே டில்லியில் காணாமற் போன குழந்தைகளைத் தேட இந்த யந்திரத்தை உபயோகித்தபோது, 2018-ல் அதன் வெற்றி 2 சதவீதம்தான் என்று ஐகோர்ட்டில் தெரியவந்தது. மறு ஆண்டில் மத்திய மந்திரி இலாகா ஒன்றே, 1 சதவீதம் கூட இல்லை, பையனுக்கும் பெண்ணுக்கும் கூட வித்தியாசம் தெரியவில்லை என்று கோர்ட்டில் சொல்லிற்று. குழந்தையைக் கண்டுபிடிக்க லாயக்கில்லாத யந்திரத்தை வைத்துக் கொண்டு, 2020 மார்ச்சில் உள்துறை மந்திரி அமித் ஷா பார்லிமெண்டில் எழுந்து நின்று, டில்லிக் கலவரத்தில் 1,100 பேருக்கு மேல் முகமறி மென்பொருளால் அடையாளம் கண்டோம், வாக்காளர் அட்டைப் படங்களையும் டிரைவிங் லைசென்ஸ் படங்களையும் அதில் போட்டோம் என்று பெருமை அடித்தார். ஓட்டுப் போடுவதற்காக ஜனங்கள் கொடுத்த போட்டோ அது! அதைப் போலீஸ் ஆல்பமாக மாற்ற யார் உத்தரவு கொடுத்தது?

யந்திரத்தின் பார்வையில் எல்லா முகமும் சமம் அல்ல என்பதும் நிரூபணமான விஷயம். 2018-ல் ஜாய் புலம்வினி, டிம்னிட் கெப்ரு என்ற இரண்டு கறுப்பினப் பெண் ஆராய்ச்சியாளர்கள் பெரிய கம்பெனிகளின் யந்திரங்களைச் சோதித்தார்கள். படத்தைப் பார்த்து ஆணா பெண்ணா என்று சொல்ல வேண்டும், அவ்வளவுதான். வெளுத்த ஆண்களிடம் தப்பு 1 சதவீதத்துக்கும் கீழே. கறுத்த பெண்களிடம் ஒரு யந்திரம் 34 சதவீதத்துக்கு மேல் தப்பாகச் சொல்லிற்று. வெயிலில் கறுத்த நம் ஜனங்கள் எந்த வரிசையில் நிற்பார்கள் என்று நான் விளக்க வேண்டியதில்லை.

சரி, யந்திரம் அபாரமானது, நூற்றுக்கு 99 தடவை சரியாகவே சொல்கிறது என்று வாதத்துக்காக ஒப்புக் கொள்வோம். கணக்கைப் பாருங்கள். ஒரு நாளில் 10,000 பேர் ஒரு சாவடியைக் கடக்கிறார்கள். அவர்களில் போலீஸ் உண்மையாகத் தேடுகிறவர்கள் 2 பேர் என்று வைத்துக் கொள்வோம். நூற்றுக்கு ஒன்று தப்பு என்றால் நிரபராதிகள் 100 பேரை யந்திரம் "இவன்தான்" என்று காட்டும். தேடப்பட்ட இருவரும் அகப்பட்டதாகவே இருக்கட்டும். சாவடியில் ஓரங்கட்டி நிறுத்தப்பட்டவர்கள் 102 பேர். அதில் 100 பேர் ஒரு பாவமும் அறியாதவர்கள். 99 சதவீதம் சரியான யந்திரத்தின் லட்சணம் இது.

அந்த 100 பேர் யார் என்பதும் நமக்குத் தெரியும். குளிர்சாதனக் காரில் கறுப்புக் கண்ணாடி ஏற்றிக் கொண்டு போகிறவர் முகத்துக்கு நேரே யாரும் போனைத் தூக்க மாட்டார்கள். செங்கல் சூளைக்குக் குடும்பத்தோடு வந்த வடநாட்டுத் தொழிலாளி, காற்றாலைப் பக்கம் வேலைக்குப் போய்விட்டு ராத்திரி சைக்கிளில் திரும்புகிறவன், பாஷை தெரியாமல் பஸ் ஸ்டாண்டில் மூட்டையோடு உட்கார்ந்திருப்பவன் ஆகியோர்தான் அகப்படுவார்கள். பாறையை உடைத்து ஏற்றிக் கொண்டு, அளவுக்கு மீறிய பாரத்தோடு ராப்பகலாகக் கேரளம் நோக்கி ஓடும் லாரிகளைப் பற்றி இந்த ஜில்லா ஜனங்கள் எத்தனை மகஜர் கொடுத்திருக்கிறார்கள்! லாரி சின்ன வஸ்துவா, காமிராவுக்குத் தெரியாமல் போவதற்கு?

சாயல் ஒன்று போதும், உயிரே போகும். 2023 ஜனவரி கடைசியில் தெலங்கானாவில் மெதக் என்ற ஊரில் சங்கிலிப் பறிப்பு வழக்கில் ஒரு கூலித் தொழிலாளியைப் போலீசார் பிடித்துப் போனார்கள். காமிராவில் பதிந்த படத்திலிருந்தவனின் சாயல் அவருக்கு இருந்ததாம். போலீசார் தன்னை அடித்த கொடுமையை ஆஸ்பத்திரிப் படுக்கையில் சொல்லிவிட்டு அவர் பிப்ரவரியில் இறந்து போனார். தெலங்கானா ஐகோர்ட்டு தானாகவே வழக்கை எடுத்துக் கொண்டது. சாயல் பார்த்தது யந்திரமா மனிதக் கண்ணா என்பது இங்கே இரண்டாம் பட்சம். "ஒத்துப் போகிறது" என்ற ஒரு வார்த்தை நம் நாட்டு லாக்கப்பில் என்ன பாடுபடுத்தும் என்பதுதான் விஷயம். அமெரிக்காவில் யந்திரம் தப்பாகச் சொன்னால் வக்கீல் வருகிறான், நஷ்டஈடு கிடைக்கிறது. இங்கே யந்திரம் தப்பாகச் சொன்னால் லத்தி அதைச் சரியாக்கிவிடும். "குற்றத்தை ஒப்புக் கொண்டார்" என்று காகிதம் தயாராகிவிடும்.

தன் வீட்டுக் காமிரா மட்டும் குருடு

ஜனங்களின் மேல் இத்தனை கண்களைத் திருப்பும் இலாகா, தன் மேல் திரும்பிய ஒரு கண்ணை எப்படி வைத்திருந்தது?

2020 ஜூன் 19-ந் தேதி தூத்துக்குடி ஜில்லா சாத்தான்குளத்தில், ஊரடங்கு நேரத்துக்கு மேல் கடை திறந்திருந்ததாகச் சொல்லித் தகப்பனையும் மகனையும் ஸ்டேஷனுக்குக் கொண்டு போனார்கள். நாலு நாளைக்குள் இருவரும் பிணம். ஸ்டேஷனில் காமிரா இருந்தது. விசாரிக்கப் போன மாஜிஸ்திரேட் மதுரை ஐகோர்ட்டுக்குக் கொடுத்த அறிக்கையில் என்ன எழுதினார்? பதிவுகளைச் சேமிக்கப் போதுமான இடம் இருந்தும், அன்றன்றைய பதிவு அன்றன்றே தானாக அழிந்து போகும்படி ஏற்பாடு செய்யப்பட்டிருந்தது என்று எழுதினார். ஜனங்களின் முகம் 75 ஆண்டு! லாக்கப்பின் காட்சி 24 மணி நேரம்!

அதே ஆண்டு டிசம்பர் 2-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு, ஒவ்வொரு போலீஸ் ஸ்டேஷனிலும் காமிரா வேண்டும், ஒலியும் பதிய வேண்டும், பதிவை 18 மாதம் வைத்திருக்க வேண்டும் என்று உத்தரவு போட்டது. ஐந்து வருஷம் கழித்து 2025 செப்டம்பரில், ஸ்டேஷன் காமிராக்கள் வேலை செய்யவில்லை என்ற செய்தியைப் பார்த்து அதே சுப்ரீம் கோர்ட்டு தானாகவே மறுபடி வழக்கை எடுக்க வேண்டி வந்தது. தெருவிலுள்ள காமிரா பழுதானால் ஒரே நாளில் ஆள் வருகிறான். லாக்கப்பிலுள்ள காமிராவுக்கு மாத்திரம் ஏன் தீராத கண்நோய்?

சேர்த்து வைத்ததையாவது பத்திரமாக வைத்தார்களா? 2024 மே மாதத்தில் தமிழ்நாட்டுப் போலீசின் முகமறித் தளத்திலேயே வெளியாள் புகுந்து விட்டான். நிர்வாகக் கணக்கு ஒன்று அந்நியர் கைக்குப் போயிற்று என்று போலீஸ் தலைமையே ஒப்புக் கொண்டு, பெரிய ஆபத்தில்லை என்று சமாதானம் சொன்னது. என் பணப்பையைத் திருடன் எடுத்தால் வேறு பை வாங்குவேன். என் முகம் திருட்டுப் போனால் வேறு முகத்துக்கு எங்கே போவேன்?

"களியக்காவிளையை மறந்தீர்களா?"

நிச்சயமாகக் கேட்பார்கள். 2020 ஜனவரி 8-ந் தேதி ராத்திரி, இதே ஜில்லாவில், களியக்காவிளைச் சோதனைச் சாவடியில் காவலுக்கு நின்ற சிறப்பு சப்-இன்ஸ்பெக்டர் வில்சனைச் சுட்டுக் கொன்றார்கள். பக்கத்திலிருந்த காமிராப் பதிவு துப்புக் கொடுத்தது. சந்தேகிக்கப்பட்டவர்கள் ஒரு வாரத்துக்குள் கர்நாடகத்தில் அகப்பட்டார்கள். காமிரா வேண்டாம் என்கிறீர்களா என்று கேட்பார்கள்.

நாம் அப்படிச் சொல்லவில்லை. சாவடியில் ராத்திரிக் காவல் நிற்கிற போலீஸ்காரனும் சம்பளத்துக்கு உழைக்கிற ஏழை வீட்டுப் பிள்ளை. அவன் உயிரும் உயிர்தான். கொலை நடந்தது, நடந்த இடம் தெரியும், நேரம் தெரியும், அந்த இடத்து, அந்த நேரத்துப் பதிவை எடுத்துப் பார்த்தார்கள். ஒரு குற்றத்திலிருந்து ஆளைத் தேடிப் போவது துப்பறிதல். இதற்கு எந்த ஜனநாயகவாதியும் ஆட்சேபணை சொல்ல மாட்டான். குற்றமே நடக்காத இடத்தில், எல்லோருடைய முகத்தையும் முன்கூட்டியே அளந்து வைத்துக் கொண்டு, இவர்களில் எவன் குற்றவாளி என்று தேடுவது வேறு சமாசாரம். ஊர் பூராவையும் சந்தேகப் பட்டியலில் ஏற்றுவது அது. குற்றப் பரம்பரைச் சட்டம் சில ஜாதிகளுக்குச் செய்ததை இது எல்லோருக்கும் செய்கிறது. அந்த வகையில் சமத்துவம் வந்துவிட்டது என்று வேண்டுமானால் சொல்லிக் கொள்ளட்டும்!

குமரி ஜில்லாவுக்கு இதில் சொந்த அனுபவமும் உண்டு. 1954 ஆகஸ்ட் 11-ந் தேதி, தாய்த் தமிழகத்தோடு சேர வேண்டும் என்று கேட்டு ஊர்வலம் போனவர்களை மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் திருவாங்கூர்-கொச்சிப் போலீஸ் சுட்டது. அன்று அவர்கள் கலகக்காரர்கள். இரண்டே வருஷத்தில் அவர்கள் கேட்டது சட்டமாயிற்று. இங்கிருந்து கூப்பிடு தூரத்தில் பூதப்பாண்டியில் பிறந்த ஜீவா, நாற்பதுகளின் கடைசியில் கட்சி மேல் அடக்குமுறை பாய்ந்தபோது தலைமறைவாக வாழ்ந்தார். போலீஸ் தேடிய அதே ஜீவாவை 1952-ல் வண்ணாரப்பேட்டை ஜனங்கள் சட்டசபைக்கு அனுப்பினார்கள். சர்க்கார் தேடுகிற ஆளெல்லாம் சமூகத்துக்கு விரோதி என்று இந்த ஜில்லாவில் வந்து யாரும் பாடம் நடத்த முடியாது. ஊர்வலத்தில் போகிறவன் முகத்தை 75 வருஷத்துக்கு எழுதி வைத்துக் கொள்வார்கள் என்று தெரிந்தால், தாயார் தன் மகனை ஊர்வலத்துக்கு அனுப்புவாளா? யந்திரத்தின் மெய்யான பலன் அங்கேதான் இருக்கிறது. ஒருவனையும் கைது செய்ய வேண்டாம், பயம் போதும்.

கடிவாளம் எப்படிப் போடுவது?

2017 ஆகஸ்ட் 24-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டின் ஒன்பது நீதிபதிகள், அந்தரங்கம் என்பது அடிப்படை உரிமை என்று ஏகமனதாகத் தீர்ப்புச் சொன்னார்கள். அதில் சர்க்கார் கைவைக்க வேண்டுமானால் முதலில் சட்டம் வேண்டும். நியாயமான நோக்கம் வேண்டும். நோக்கத்துக்கு மிஞ்சாத நடவடிக்கையாக இருக்க வேண்டும். முதல் படியிலேயே முகமறி யந்திரம் வழுக்கி விழுகிறது. 2023-ல் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் என்று ஒன்று வந்ததே, அது காப்பாற்றாதா? கடைக்காரன் உங்கள் போன் நம்பரை வைத்துக் கொண்டால் கேள்வி கேட்கும் அந்தச் சட்டம், குற்றத் தடுப்பு, குற்ற விசாரணை என்று வந்தால் அதன் பெரும்பாலான ஷரத்துகளை ஒதுக்கி வைக்கிறது. சர்க்கார் ஸ்தாபனங்களுக்கு முழு விலக்கே கொடுக்கவும் மத்திய சர்க்காருக்கு அதில் அதிகாரம் உண்டு. பூட்டும் அவர்களே, சாவியும் அவர்களே.

தமிழ்நாட்டு ஆளவந்தார்கள் டில்லியைக் காட்டித் தப்பிக்கவும் முடியாது. 2020-ல் அ.தி.மு.க. சர்க்கார், பாதுகாப்பும் நெறியும் உள்ள செயற்கை நுண்ணறிவுக்கான கொள்கை என்று ஒரு புத்தகத்தை வெளியிட்டது. இந்தியாவிலேயே நாங்கள்தான் முதல் என்று மார் தட்டினார்கள். ஜனங்கள் மேல் பிரயோகிக்கும் யந்திரம் நியாயமானதா, பாரபட்சம் காட்டுகிறதா, பதில் சொல்லும் பொறுப்பு யாருக்கு என்று பார்த்து மார்க் போடுவதற்கு 'டீப்-மேக்ஸ்' என்று ஒரு மதிப்பெண் அட்டை கூட அதில் உண்டு. மறு வருஷமே தி.மு.க. ஆட்சியில் முகமறி யந்திரம் வந்தது. அந்த மார்க் அட்டையைக் காட்டுங்கள் என்கிறோம். கோட்டையில் யார் உட்கார்ந்திருந்தாலும் சரி, பள்ளிப் பிள்ளைகளின் மார்க்கை ஊருக்கெல்லாம் அறிவிக்கும் சர்க்கார், தன் யந்திரத்தின் மார்க்கை மேஜை மேல் வைக்கட்டும்.

வெளிநாட்டில் எங்கும் இல்லாத கோரிக்கையா இது? யந்திரம் செய்கிற கம்பெனிகளின் பக்கத்து ஊரான சான் பிரான்சிஸ்கோ, 2019 மே மாதத்திலேயே தன் போலீசுக்கு இதைத் தடை செய்தது. சமைக்கிறவன் அந்தப் பண்டத்தைத் தன் வீட்டில் சாப்பிடாவிட்டால் நாம் யோசிக்க வேண்டாமா? மோட்டார்த் தொழிலாளர் நகரமான டிட்ராயிட்டின் போலீசார் 2020 ஜனவரியில் ராபர்ட் வில்லியம்ஸ் என்ற கறுப்புத் தொழிலாளியை, அவர் வீட்டு வாசலில், பெண் குழந்தைகள் கண்ணெதிரே விலங்கிட்டுக் கொண்டு போனார்கள். கடிகாரக் கடையில் திருடியவன் முகத்தோடு அவர் பழைய லைசென்ஸ் படம் ஒத்துப் போகிறதென்று யந்திரம் சொல்லிற்றாம். மனிதர் விடவில்லை, வழக்காடினார். 2024 ஜூனில் சமரசமாயிற்று: 3,00,000 டாலர் நஷ்டஈடு. அதைவிடப் பெரிது, யந்திரத்தின் பேச்சை மட்டும் வைத்து இனி ஒருவரையும் கைது செய்வதில்லை என்று டிட்ராயிட் போலீஸ் எழுதிக் கொடுத்தது. ஐரோப்பிய யூனியனின் சட்டப்படி, பொது இடத்தில் நடமாடும் ஜனங்களின் முகத்தை நேரடியாக அளக்கப் போலீசுக்கு 2025 பிப்ரவரி 2 முதல் தடை. ஆள் கடத்தல், பயங்கரவாதம், கொடிய குற்றம் என்று விலக்குகள் இருக்கின்றன. அந்த விலக்குகள் வழியாக மாட்டு வண்டியே போகலாம் என்று அங்குள்ள ஜனநாயகவாதிகளே சொல்கிறார்கள். ஆனாலும் விலக்குக்குக் கூட நீதிபதியின் அல்லது சுயேச்சையான அதிகாரியின் முன் அனுமதி வேண்டும் என்று எழுதியிருக்கிறார்கள். முதலாளித்துவ ஐரோப்பா தன் பிரஜைக்கு எழுதிக் கொடுத்த அளவுக்காவது இங்கே எழுதிக் கொடுக்கத் தடை என்ன?

இதற்கிடையில் வியாபாரிகள் வாசலில் நிற்கிறார்கள். 2017-லேயே சென்னை தியாகராய நகரில் ஒரு தனியார் கம்பெனியின் முகமறிச் செயலியைப் போலீஸ் பரீட்சித்துப் பார்த்தது. 2025 டிசம்பரில், வழக்கு விசாரணைக்கே உதவுகிற யந்திர மூளையை மைக்ரோசாப்ட் துணையோடு 1,100 போலீஸ் ஸ்டேஷன்களுக்கும் கொண்டு போகப் போவதாக மகாராஷ்டிரத்தில் அறிவித்தார்கள். நாளைக்குக் குற்றவாளிக் கூண்டில் நிற்கிறவன், யந்திரம் எப்படி இந்த முடிவுக்கு வந்தது என்று கேட்டால் "கம்பெனி ரகசியம்" என்று பதில் வரும். சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்யும் உரிமையைக் கம்பெனிக்கு விற்றுவிட்டு நீதி நடத்துவார்களாம்!

ஆகவே சட்டசபை சட்டம் போட வேண்டும். சர்க்குலர் போதாது. யந்திரம் காட்டியது என்ற ஒரே காரணத்தால் கைதோ, ஸ்டேஷனுக்கு அழைப்போ கூடாது. ஊர்வலத்திலும் பொதுக்கூட்டத்திலும் வேலைநிறுத்த இடத்திலும், கோவில், சர்ச், மசூதி வாசலிலும் முகம் அளப்பது அடியோடு தடை செய்யப்பட வேண்டும். குறிப்பிட்ட கொடிய குற்றத்தில், மாஜிஸ்திரேட்டின் எழுத்து மூலமான உத்தரவோடுதான் தேடலாம். எத்தனை தடவை தேடினார்கள், எத்தனை தப்பு என்று வருஷாவருஷம் சட்டசபையில் கணக்கு வைக்க வேண்டும். யந்திரத்தை உபயோகித்து வழக்குப் போட்டால் அதைக் குற்றஞ்சாட்டப்பட்டவருக்குச் சொல்லியாக வேண்டும். வழக்கிலிருந்து விடுதலையானவரின் படம் அன்றே அழிய வேண்டும். தப்பாகப் பிடிக்கப்பட்டவருக்கு நஷ்டஈடு வேண்டும். அது நிரபராதியின் வரிப்பணத்திலிருந்து மட்டும் போகாமல் உத்தரவிட்ட அதிகாரியின் சம்பளத்தையும் தொட வேண்டும் என்பது என் சொந்த அபிப்பிராயம். சட்டம் வரும் வரை போன்கள் சட்டைப்பைக்குள் இருக்கட்டும்.

அதுவரை சும்மா இருக்க வேண்டியதில்லை. தகவல் உரிமை மனுவுக்குப் பத்து ரூபாய் ஆகிறது. முப்பது நாளில் பதில் வர வேண்டும். குமரி ஜில்லாவிலுள்ள ஒவ்வொரு தொழிற்சங்கக் கிளையும், சூளைத் தொழிலாளர் உள்பட, ஜில்லாப் போலீஸ் சூப்பரிண்டெண்டுக்கு ஒரு மனு எழுதலாம். முகமறி யந்திரத்தை இந்த ஜில்லாவில் எத்தனை பேர் முகத்தில் பிரயோகித்தீர்கள், எத்தனை சதவீதம் ஒத்துப் போனால் ஆளை நிறுத்துகிறீர்கள், நிறுத்தியவர்களில் எத்தனை பேரைத் தப்பென்று விட்டீர்கள், விட்டவர்களின் படங்கள் இப்போது எங்கே இருக்கின்றன என்று நாலு கேள்வி. பதில் வந்தால் அதைச் சாவடிப் பக்கத்துச் சுவரில் எழுதிப் போடுவோம். பதில் வராவிட்டால், வராத விஷயத்தையும் அதே சுவரில் எழுதிப் போடுவோம்.